கைரேகைக் கருவியில் பதியாத விரல்கள், சுருண்டு வரும் தாள்கள்: உள்ளே என்னதான் நடக்கிறது?

கேள்வி: கோத்தகிரி கணினி மையம்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் சிறிய கணினி மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். பகலில் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிப்பது, நகல் எடுப்பது, ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு வங்கிப் பணம் எடுத்துக் கொடுப்பது ஆகிய வேலைகள் நடக்கும். மாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் கணினிப் பாடம் சொல்லித் தருகிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து என் மையத்துக் கருவிகள் ஒவ்வொன்றாகத் தகராறு செய்கின்றன.

பெரிய கவலை கைரேகைக் கருவிதான். நேற்று முன்தினம் அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் பணம் எடுக்க வந்தார். முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பதினோரு முறை விரல் வைத்தும் கருவி ஏற்கவில்லை. "என் கையில என்ன குறை தம்பி?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அவருக்குப் பின்னால் வந்த இளைஞருக்கு முதல் முறையிலேயே பதிந்தது. அந்தக் கேள்வி இன்னும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

அடுத்தது லேசர் பிரிண்டர். தாள் சுருண்டு வருகிறது, சில வேளைகளில் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது, எழுத்து ஓரிடத்தில் கருத்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கிறது, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்கிறது. டோனரை, அதாவது அச்சுப் பொடியை, மாற்றியும் பயனில்லை. மேசைக்குப் புதிதாகக் கண்ணாடி போட்டதிலிருந்து மவுஸும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

விசைப்பலகை உள்ளீட்டுக் கருவி, திரை வெளியீட்டுக் கருவி என்று பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு மாணவி எழுந்து, "விரலை வைத்தால் அது எப்படி சார் கம்ப்யூட்டருக்குள்ளே போகிறது?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆகவே, சரிசெய்யும் வழியோடு உள்ளே நடப்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: உதகை பழுதுநீக்குநர்

இருபது ஆண்டுகளாக உதகையிலும் சுற்றுவட்டாரத்திலும் கணினிக் கருவிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். முதலில் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவருடைய கையில் எந்தக் குறையும் இல்லை. கருவி எதைப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது உங்களுக்கே விளங்கும்.

மையங்களில் பரவலாக உள்ள ஒளிவகைக் கைரேகைக் கருவிக்குள் ஒரு கண்ணாடிப் பட்டகமும், சிறு விளக்கும், சிறு கேமராவும் இருக்கின்றன. விளக்கின் ஒளி பட்டகத்துக்குள் சாய்வாகச் சென்று, நாம் விரல் வைக்கும் பரப்பை உட்புறத்திலிருந்து தொடுகிறது. அப்பரப்புக்கு வெளியே காற்று மட்டும் இருந்தால் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பிக் கேமராவை அடைகிறது. இதைத்தான் இயற்பியலில் முழு அக எதிரொளிப்பு என்கிறோம். விரலை வைக்கும்போது ரேகையின் மேடுகள் மட்டும் கண்ணாடியை ஒட்டுகின்றன, பள்ளங்களில் காற்று நிற்கிறது. ஒட்டிய இடங்களில் ஒளி திரும்பாமல் தோலுக்குள் கசிந்துவிடுவதால் மேடுகள் கருப்பாகவும் பள்ளங்கள் வெளிச்சமாகவும் பதிகின்றன. அந்தப் படத்தில் ரேகை முடியும் புள்ளிகளையும், ஒரு ரேகை இரண்டாகக் கிளைக்கும் புள்ளிகளையும் கண்டெடுத்து, அவற்றின் இடத்தையும் திசையையும் எண்களாக்கி, ஆதாரில் முன்பே பதிந்துள்ளவற்றோடு ஒப்பிடுகிறார்கள்.

இதை உங்கள் மாணவிக்குக் காட்ட எந்தக் கருவியும் வேண்டாம். வழவழப்பான கண்ணாடி டம்ளர் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, இலேசாக ஈரமான விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து சாய்வாகத் தண்ணீர் வழியே பக்கச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் வெள்ளிபோலப் பளபளக்க, விரல் தொட்ட இடத்தில் ரேகைக் கோடுகள் மட்டும் துல்லியமாகத் தெரியும். கைரேகைக் கருவி பார்ப்பது அதையேதான்.

இனி நம் மலைக்கு வருவோம். குளிரில் தோலின் இரத்த ஓட்டம் குறைந்து, வியர்வையும் குறைந்து, விரல் நுனி வறண்டுபோகிறது. வறண்ட மேடுகள் கண்ணாடியில் சரியாக ஒட்டாததால் கோடுகள் விட்டு விட்டுத் தெரியும். முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய விரலில் மேடுகளே தேய்ந்திருக்கும். அத்துடன் சிறு வெட்டுகளும் வெடிப்புகளும் பொய்யான முடிவுப் புள்ளிகளாகப் பதியும். நேர்மாறாக, மழையில் நனைந்த கையைத் துடைக்காமல் வைத்தால் பள்ளங்களையும் தண்ணீர் நிரப்பிவிடுவதால் படம் முழுவதும் கருந்திட்டாகிவிடும். குளிர்ந்த கண்ணாடியின் மேல் வாய் மூச்சோ, திறந்த கதவின் வழியே வரும் பனிமூட்டமோ படிந்தாலும் இதே கதைதான்.

ஆகவே பின்வருமாறு செய்து பாருங்கள். வந்தவுடன் விரலை வைக்கச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் உள்ளே உட்கார வைத்து, சூடான தேநீர் டம்ளரைக் கையில் பிடிக்கக் கொடுங்கள். பிறகு கையை உலர்ந்த துணியால் துடைத்து, கருவியின் கண்ணாடியையும் மென்துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விட்டுவிட்டு மோதிர விரலை முயலுங்கள். கொழுந்து கிள்ளுவதில் அதிகம் தேய்பவை முதல் இரண்டு விரல்களே. ஆதாரில் பத்து விரல்களும் பதிவாகியிருப்பதால் எந்த விரலும் செல்லும். எதுவும் பதியாவிட்டால் கருவிழிக் கருவி இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கருவிழியின் இழை அமைப்பைப் படம் பிடிப்பது; கைவேலையால் அது தேய்வதில்லை.

பதில்: குன்னூர் வாசகர்

எங்கள் ஊர்க் கடையில் விரலில் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கச் சொல்வார்கள், உடனே பதிந்துவிடும். அதையும் முயலலாம்.

மவுஸை நகர்த்தும் இடத்தில் மேசைக் கண்ணாடியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள், சரியாகிவிடும். அதன் அடியில் உள்ள சிறு கேமரா வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேசைப் பரப்பைப் படமெடுத்து, அடுத்தடுத்த படங்களில் சொரசொரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. தெளிவான கண்ணாடியில் அதற்கு அடையாளம் சொல்ல ஒன்றுமே இல்லை.

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, குன்னூர்

எண்ணெய் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். எண்ணெய் மேடுகளைக் கண்ணாடியோடு ஒட்டவைப்பது உண்மை. ஆனால் அந்த எண்ணெய்த் தடம் கண்ணாடியில் தங்கி, அடுத்து வருபவரின் ரேகையோடு கலந்துவிடும். வறட்சிக்கு ஏதேனும் தடவத்தான் வேண்டுமென்றால், சிறிதளவு களிம்பைக் கையில் நன்றாகத் தேய்த்து, அது தோலில் ஊறிய பிறகு துடைத்துவிட்டு வையுங்கள்.

பிரிண்டரைப் பற்றிச் சொல்கிறேன். தம்பி, உங்கள் டோனர் மீது குற்றமில்லை, தாள் ஈரமாக இருக்கிறது. லேசர் பிரிண்டர் மையைப் பூசுவதில்லை. நிலைமின்னூட்டத்தைக் கொண்டு பொடியை இழுக்கிறது. பட்டுத்துணியில் தேய்த்த கண்ணாடித் தண்டு காகிதத் துணுக்கை இழுக்கும் அதே விசைதான். உள்ளே இருக்கும் உருளையான டிரம்மின் மேல் முதலில் சீராக மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. லேசர் கதிர் பட்ட இடங்களில் மட்டும் அந்த மின்னூட்டம் வடிந்துவிடுவதால், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கம் டிரம்மின் மேல் எழுதப்பட்டுவிடுகிறது. நிறமேற்றிய பிளாஸ்டிக் பொடியாகிய டோனர் அந்த இடங்களில் ஒட்டுகிறது. பிறகு தாளின் பின்புறத்தில் எதிர் மின்னூட்டம் கொடுத்துப் பொடியைத் தாளுக்கு இழுத்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருளைகளுக்கிடையே அழுத்தி உருக்கி ஒட்டுகிறார்கள்.

தாள் ஈரமாக இருந்தால் இந்தக் கடைசி இரண்டு படிகளும் கெட்டுப்போகின்றன. உலர்ந்த தாள் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும். ஈரத்தாளில் அது கசிந்து ஓடிவிடும். அதனால் பொடி ஓரிடத்தில் முழுவதும் இறங்கி, ஓரிடத்தில் பாதி டிரம்மிலேயே தங்குகிறது. நீங்கள் சொன்ன வெளிறல் இதனால்தான். அடுத்து, வெப்ப உருளைக்குள் நுழைந்ததும் தாளிலுள்ள ஈரம் நீராவியாகிறது. டோனரை உருக்க வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கை நீர் எடுத்துக்கொள்வதால் எழுத்து உதிர்கிறது. தாளின் இருபுறமும் சமமாக உலராததால் அது சுருள்கிறது. சுருண்ட முனை வழியில் இடித்துச் சிக்கிக்கொள்கிறது. உங்களுடைய எல்லாப் புகார்களுக்கும் வேர் ஒன்றே.

தாள் கட்டைப் பிரித்துத் திறந்தபடி வைக்காதீர்கள். தாள் கட்டுக்குச் சுற்றியிருக்கும் உறை, ஈரம் புகாமல் தடுப்பதற்காகவே போடப்படுவது. தேவையான ஐம்பது தாளை மட்டும் எடுத்துவிட்டு மீதியை உறையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். இரவில் பிரிண்டர் தட்டில் தாளை விட்டுச் செல்லாதீர்கள். அச்சிடும்போது தாள் வகையில் 'தடித்த தாள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான பிரிண்டர்கள் மெதுவாகவோ கூடுதல் வெப்பத்திலோ ஒட்டும், உதிர்வது குறையும்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி கணினி மையம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டம்ளர் சோதனையை இன்று மாலை செய்தோம். பிள்ளைகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் டம்ளரைப் பிடுங்காத குறைதான். தாள் கட்டையும் உறைக்குள் மாற்றிவிட்டேன்.

அதே மாணவி இன்று இன்னொன்று கேட்டாள். ஒரே விசைப்பலகையில் தமிழும் ஆங்கிலமும் தட்டுகிறோமே, அதற்குத் தமிழ் தெரியுமா என்று. விசைகளின் மேல் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருக்கிறது.

பதில்: உதகை பழுதுநீக்குநர்

அருமையான கேள்வி. விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த இடத்தில் அழுத்தினார்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நூற்றுக்கும் மேற்பட்ட விசைகளுக்குத் தனித்தனிக் கம்பி இழுக்காமல், குறுக்கும் நெடுக்குமாகக் கடத்திக் கோடுகள் பதித்த பிளாஸ்டிக் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே வைத்திருப்பார்கள். விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொடும். உள்ளிருக்கும் சிறு சில்லு ஓயாமல் வரிசை வரிசையாகச் சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியது என்று கண்டு, அதற்குரிய எண்ணை அனுப்பும். யுஎஸ்பி விசைப்பலகையில் 'ஏ' என்று அச்சிட்ட விசைக்கு 4, 'எச்' விசைக்கு 11.

அந்த எண்ணை எழுத்தாக மாற்றுவது கணினியிலுள்ள மென்பொருள். ஆங்கிலம் தேர்ந்திருந்தால் 11 என்பது 'எச்'. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 அமைப்பைத் தேர்ந்திருந்தால் அதே 11 'க' ஆகிறது, அதற்கு யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறையில், 2965 என்ற எண் பதிகிறது. அந்த அமைப்பில் உயிர் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு முறை தட்டினால் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்கு மென்பொருளே புள்ளி வைத்துவிடும். ஆனால் உள்ளே பதிவாகும் எண்களோ ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் பிடிக்கும்.

மழைக்காலத்தில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். வெளிக்குளிரிலிருந்து எடுத்துவந்த எந்தக் கருவியையும் உடனே இயக்காதீர்கள். குளிர்ந்த மின்சுற்றுப் பலகையின் மேல் அறைக்காற்றின் ஈரம் வியர்வைபோலப் படியும். ஒரு மணி நேரம் மேசையில் கிடக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி கணினி மையம்

இன்று காலை அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன், பதினொரு மணிக்கு வந்தார். தேநீர் டம்ளரைப் பிடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வலக்கை மோதிர விரல் பதியவில்லை. இடக்கை மோதிர விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. எந்த விரல் என்பது மறக்காமலிருக்க, வீட்டுக்குக் கிளம்பும்போது அதில் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு போனார்.

பிரிண்டரில் தாள் இன்னும் இரண்டு முறை சிக்கியது. நேற்று இரவு தட்டில் விட்டுச் சென்ற தாள்கள் அவை. இன்று கட்டிலிருந்து புதிதாக எடுத்த தாள் நேராகவே வந்தது.