ரெஃப்யூஜியம், ஆல்கே ஸ்க்ரப்பர் இரண்டுக்கும் சொல் வேண்டும்

திருநகரிலிருந்து

வணக்கம். வீட்டில் பவளமும் கடல்மீனும் வளர்க்கும் பவளத்தொட்டிக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் அடித்தொட்டி (மேல்தொட்டி நீர் வடிந்து திரும்பும் கீழ்த்தொட்டி), நுரைநீக்கி, உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறை) எல்லாம் முடிந்துவிட்டன. தொட்டி நீரில் பாசி வளர்க்கும் அமைப்புகளான ரெஃப்யூஜியம், ஆல்கே ஸ்க்ரப்பர் ஆகிய இரண்டுக்கும் இப்போதைக்குப் 'பாசி வடிகட்டி' என்று ஒரே சொல் போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

வடிகட்டி நீரை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. பஞ்சும் நைலான் பையும் அதைச் செய்கின்றன. பாசி எதையும் பிடித்துவைப்பதில்லை. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் நீரில் கரைகிற அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை உண்டு வளர்கிறது. வளர்ந்ததை நாம் அறுத்து வெளியே போடும்போதுதான் அந்தச் சத்து தொட்டியை விட்டுப் போகிறது. அறுக்காமல் விட்டால் வெளிச்சம் எட்டாத அடிப்பகுதி அழுகி, உண்டதை எல்லாம் மறுபடி நீரிலேயே விட்டுவிடும். 'வடிகட்டி' என்று படிக்கிறவர் அது தன்பாட்டுக்கு வேலை செய்யும் என்றுதான் எடுத்துக்கொள்வார். மூன்று மாதம் கழித்து, "பாசி இருந்தும் நைட்ரேட் ஏன் இறங்கவில்லை?" என்று கேட்பார்.

தவிர, இரண்டும் வேறு வேறு அமைப்புகள். ரெஃப்யூஜியம் என்பது அடித்தொட்டியில் தடுப்பு வைத்து, மெதுவான ஓட்டத்தில், கீட்டோமார்ஃபா போன்ற பாசியை வளர்க்கும் அறை. ஆல்கே ஸ்க்ரப்பர் என்பது சொரசொரப்பான வலைமேல் நீரை மெல்லிய படலமாக ஓடவிட்டு, கடும் வெளிச்சத்தில் நூல்பாசியைப் படரவிடுவது. என் பரிந்துரை: முதலாவது புகல்தொட்டி, இரண்டாவது பாசித்தட்டி.

தல்லாகுளத்திலிருந்து

'வடிகட்டி' பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 'தட்டி' என்றால் மதுரையில் தென்னந்தட்டியும் கட்சிக்காரர்கள் நிறுத்தும் விளம்பரத் தட்டியும்தான் நினைவுக்கு வரும். 'பாசி'யிலும் சிக்கல். பாசிமணி, பாசிப்பயறு ஒரு பக்கம். நோன்பு மாதத்தில் கடற்பாசி வாங்கி வா என்றால் கடைக்காரர் அகர் அகர் பொட்டலம் கொடுப்பார். பாடநூல்களில் ஆல்கா என்ற சொல்லும் வருகிறது. 'ஆல்காத் திரை' அல்லது 'ஆல்காச் சல்லடை' என்று வைத்தால் என்ன?

ஒத்தக்கடையிலிருந்து

தல்லாகுளத்து ஐயாவுக்கு: சல்லடை வேண்டாம். வடிகட்டியில் உள்ள குறைதான் அதிலும். சலிப்பதும் பிரிப்பதே.

'பாசி'யை விட எனக்கு மனமில்லை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இனம் பிரித்துப் பெயர் சொல்கிறார்கள். அறிவியல் பெயரில் மரிக்கொழுந்து ஜெலிடியெல்லா, கஞ்சிப்பாசி கிராசிலேரியா, கட்டக்கோரை சர்காசம். தொழிலில் ஓடுகிற சொல் இருக்கும்போது ஆல்கா எதற்கு? பயறும் மணியும் மீன்தொட்டிக்குள் வந்து யாரையும் குழப்பப் போவதில்லை.

'திரை'யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்து அறிவியலாளர் வால்ட்டர் ஏடி. 1982-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அவர் அமைப்பில் வலை கிடையாக இருக்கும். வாளி ஒன்று நிரம்பி நிரம்பிக் கவிழ்ந்து, அலை மாதிரி நீரை அதன்மேல் கொட்டும். வீட்டுத் தொட்டிக்காரர்கள் பின்னால் அதை நிமிர்த்தி, மேலிருந்து நீர் வழிகிற மாதிரி மாற்றினார்கள். திரை தொங்கத்தான் செய்யும். தட்டியைப் படுக்கவும் வைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். இரண்டு வகைக்கும் பொருந்துவது தட்டிதான்.

வரையறை எழுதுபவருக்கு உதவும் என்பதால் நிமிர்ந்த வகையின் அளவுகளைத் தருகிறேன். தட்டியின் பரப்பைத் தொட்டியின் கொள்ளளவை வைத்து முடிவு செய்யக் கூடாது, போடும் தீனியை வைத்துத்தான். நாளுக்கு உறைந்த தீனிக் கட்டி ஒன்றுக்கு, இரு பக்கமும் வெளிச்சம் படுகிற 12 சதுர அங்குலம் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. இரண்டு கட்டி போடும் 200 லிட்டர் தொட்டிக்கு 6 அங்குல அகலம், 4 அங்குல உயரம் போதும். நீரோட்டம் அகலத்தில் அங்குலத்துக்கு மணிக்கு 130 லிட்டர், அதாவது 6 அங்குலத்துக்கு ஏறத்தாழ 800 லிட்டர். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். உயரம் ஏற ஏற ஓட்டம் குறையும். ஒரு லிட்டர் குவளையைக் குழாயடியில் பிடித்தால் நாலரை விநாடியில் நிரம்ப வேண்டும்.

தையல் சாமான் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டவலையே தட்டி. ஹேக்ஸா பிளேடால் இரு பக்கமும் மயிர் எழும்புகிற அளவு கீறிவிட வேண்டும். வழவழப்பாக விட்டால் பாசி பிடிக்கும், ஆனால் கனம் ஏறியதும் பாளமாகக் கழன்று விழுந்து மோட்டாரை அடைக்கும். முக்கால் அங்குல பிவிசி குழாயில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீளவாக்கில் பிளவு போட்டு, வலையின் மேல் விளிம்பை அதற்குள் செருக வேண்டும். குழாயின் மறுமுனைக்கு மூடி போடுங்கள், ஒட்ட வேண்டாம். பிளவுக்குள்ளும் பாசி வளரும், கழற்றித் துலக்கத் தோது வேண்டும். விளக்கு 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, கொஞ்சம் நீலம் சேர்ந்தது. தொடக்கத்தில் 9 மணி நேரம், பாசி பிடித்தபின் 14 முதல் 18 மணி நேரம்.

முதல் வாரம் பழுப்பு வழுவழுப்புத்தான் வரும். வழித்து எறிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பச்சை நூல் எழும்ப மூன்று, நான்கு வாரம் ஆகும். கறுத்துக் கூழாக வந்தால் சத்துக்கு வெளிச்சம் போதவில்லை. மஞ்சளாக ரப்பர் மாதிரி வந்தால் வெளிச்சம் அதிகம், அல்லது நீரில் சத்து குறைவு.

கே.கே. நகரிலிருந்து

ஒத்தக்கடை அண்ணன் மின்வெட்டை விட்டுவிட்டார். மோட்டார் நின்றால் தட்டி காய்ந்துவிடும். மதுரை வெயிலில் ஓரிரு மணி நேரத்தில் மேல் நூல்கள் வெளுக்கும். காய்ந்து செத்ததைத் துலக்காமல் மோட்டாரைப் போட்டால் அத்தனையும் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் போகும். இன்வெர்ட்டரில் விளக்கைச் சேர்க்காவிட்டாலும் தட்டி மோட்டாரைச் சேர்க்க வேண்டும்.

தட்டியில் வளர்ந்ததை எடுக்கும் வேலைக்கும் சொல் வேண்டுமே? பட்டியல் வரைவில் 'சுரண்டல்' என்று இருக்கிறது. "வாரந்தோறும் சுரண்டல் நடைபெற வேண்டும்" என்று அச்சில் வந்தால் படிக்கிறவர்கள் சங்கம் வைத்துவிடுவார்கள். தட்டிக்கு வழித்தல், புகல்தொட்டிப் பாசிக்கு அறுத்தல், பொதுவாக அறுவடை. வழிப்பது 7 முதல் 14 நாளுக்கு ஒரு முறை. வலையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து, வேர்ப்பிடிப்பை மட்டும் விட்டுவிட வேண்டும். நன்னீர் பட்டால் பாசியின் அடியைத் தின்னும் சிறு கணுக்காலிகளும் ஒழியும். ஒரு வாரம் ஒரு பக்கம், மறுவாரம் மறுபக்கம் என்று வழித்தால் உறிஞ்சுதல் அறுபடாது.

அறுவடை எவ்வளவு சத்தை வெளியேற்றும் என்பதற்கு ஒரு காகிதக் கணக்கு. பிழிந்த ஈரப்பாசி 100 கிராமில் உலர் எடை 10 கிராம், அதில் நைட்ரஜன் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 0.3 கிராம் நைட்ரஜன் என்பது 1.3 கிராம் நைட்ரேட்டுக்குச் சமம். 200 லிட்டரில் அது 6.6 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). கடலடிப் பாசி, கடற்புல் ஆகியவற்றில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்களின் நடுவிகிதம் 550:30:1 என்று அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-இல் கணித்தார்கள். அதன்படி பார்த்தால் அதே 100 கிராமில் 0.3 பிபிஎம் பாஸ்பேட்டும் போகும். சோதனைக் கருவி அந்த அளவு இறக்கத்தைக் காட்டாது. பாசி முதலில் அம்மோனியாவை எடுத்துக்கொள்கிறது, பாறையில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டும் மெல்லக் கசிந்து நீருக்கு வருகிறது. எனவே அறுவடையை எடை போட்டு எழுதிவைப்பது நல்லது.

திருமங்கலத்திலிருந்து

புகல்தொட்டியில் புகல் யாருக்கு? கோப்பிபாடு, ஆம்பிபாடு முதலிய சிற்றுயிர்களுக்கு. மீன் வாயிலிருந்து தப்பி அங்கே பெருகி, நீரோடு திரும்ப மேல்தொட்டிக்கு இரையாக வருகின்றன. ஆனால் பலர் அந்த அறையில் முழுக்கப் பாசியை மட்டும் உருட்டிவிட்டு, வேகமான ஓட்டமும் கடும் வெளிச்சமும் கொடுத்து வளர்க்கிறார்கள். அதைப் புகல் என்பது பொருந்தாது. அதற்குப் பாசியறை என்று தனியாக வைக்கலாம். சிற்றுயிர் நோக்கமானால் புகல்தொட்டி, சத்து நீக்கம் நோக்கமானால் பாசியறை.

கீட்டோமார்ஃபாவுக்குக் கம்பிப்பாசி என்பேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் போலவே சுருண்டு கிடக்கும், எதிலும் வேர்விடாது, அள்ளி எடுப்பது எளிது. காலர்பா என்ற பாசியையும் சிலர் போடுகிறார்கள். அது சில சமயம் இனச்செல்களை ஒரேயடியாக வெளியிட்டுத் தானும் செத்துவிடும். நீர் கலங்கி, ஆக்சிஜன் சரிந்து, மீன் மேலே வந்து வாய் பிளக்கும். வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டாம்.

பாசியறை விளக்கு இரவில் எரிய வேண்டும், மேல்தொட்டி அணைந்த பிறகு. இரவில் மேலே எல்லா உயிரும் கார்பன் டை ஆக்சைடு விடும்போது கீழே பாசி அதை எடுத்துக்கொள்வதால் பிஎச் அதிகம் இறங்காது. கம்பிப்பாசி உருண்டையைப் புரட்டிவிடாமல் வைத்தால் நடுவில் இருட்டாகி அழுகும். பாதியை அறுத்து, மீதியைத் தலைகீழாகப் போட வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக் கோளாறும் உண்டு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமானால் பவளம் வெளிறும், பாசியும் வெளிறும், டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒற்றைச் செல் உயிர்கள் பழுப்புச் சளியாக மணலில் படரும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் விளக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். வரையறையில் 'முற்றிலும் நீக்கும்' என்று எழுதிவிடாதீர்கள்.

ஒத்தக்கடையிலிருந்து

பாசியறைக்கு உடன்படுகிறேன். இன்னும் இரண்டு குறிப்புகள்.

இங்கே சத்து ஏறுவதற்குப் பாதிக் காரணம் ஊற்றும் நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) ஆயிரம் பிபிஎம்மைத் தாண்டும் தெருக்கள் உண்டு. ஆர்ஓ சவ்வு 95 விழுக்காட்டை நிறுத்தினாலும் மீதி 50 வரும். அதன்பின் அயனி நீக்கும் ரெசின் வைத்துப் பூச்சியமாக்கித்தான் உப்புக் கலக்க வேண்டும். தூத்துக்குடிக் கல்லுப்பு உதவாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிந்தபின் மக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய நீரில் தங்கிவிடும். சித்திரை, வைகாசியில் அடித்தொட்டிக்கு மேல் விசிறி வைத்தால் சூடு இரண்டு, மூன்று டிகிரி இறங்கும், ஆவியும் கூடும். 200 லிட்டரில் 4 லிட்டர் போனால் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35-இலிருந்து 35.7 ஆகும். ஈடுசெய்வது நன்னீரால், உப்புநீரால் அல்ல.

மன்னார் வளைகுடாவிலிருந்து பவளமோ உயிர்ப்பாறையோ எடுத்துவருவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உலர்பாறையில் தொடங்கினால் போதும். அறுத்த பாசியைக் கண்மாயிலோ கடலிலோ விடாமல் கழுவி உரக்குழியில் போடுங்கள். மண்டபம் பக்கம் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி குருசடைத் தீவில் பவளத்தின்மேல் படர்ந்ததை நினைவில் வையுங்கள்.

தல்லாகுளத்திலிருந்து

கிடையாகவும் வைப்பார்கள் என்ற செய்தி எனக்குப் போதும், தட்டியை ஏற்கிறேன். புணர்ச்சியில் 'பாசித்தட்டி' என்று வல்லினம் மிகும், பிரித்து எழுத வேண்டாம். 'பாசியறை' உடம்படுமெய்யோடு சரி. கடற்பாசி என்ற சொல்லைப் பட்டியலில் எங்கும் தனியே ஆளாமல் இருந்தால் அகர் அகர் குழப்பமும் தீரும்.

திருநகரிலிருந்து

சரி, வரைவு இதோ:

பாசித்தட்டி: சொரசொரப்பான வலைமேல் நீரை மெல்லிய படலமாக ஓட்டி, விளக்கொளியில் நூல்பாசி வளர்த்து, வழித்தெடுப்பதன் மூலம் நீரில் கரைந்த சத்தைக் குறைக்கும் அமைப்பு.

பாசியறை: அதே நோக்கத்துக்காகக் கம்பிப்பாசி போன்ற பெரும்பாசியை வளர்த்து அறுக்கும் அடித்தொட்டித் தடுப்பு.

புகல்தொட்டி: இரையாகும் சிற்றுயிர்கள் மீனுக்குத் தப்பிப் பெருக விடும் தனித் தொட்டி அல்லது தடுப்பு. பாசி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கே.கே. நகரிலிருந்து

மூன்றும் சரி. முதல் வரையறையில் 'வழித்தெடுப்பதன் மூலம்' என்பதற்கு முன் 'அவ்வப்போது' சேருங்கள். நாள் கணக்கு வேண்டாம். தீனி குறைவான தொட்டியில் இரண்டு வாரம் தாங்கும், அதிகமான தொட்டியில் ஐந்தாம் நாளே வலை தெரியாமல் மூடிவிடும்.