5 வாரமாகக் கால் வலி, கபடியும் 400 மீட்டரும் நிற்கிறது

வணக்கம். சேலம் பக்கம் சின்னக் கல்லூரி, பி.காம். இரண்டாம் ஆண்டு. காலையில் காந்தி ஸ்டேடியத்தில் 400 மீட்டர், சாயங்காலம் கல்லூரி மண் களத்தில் கபடி. ஆள் கம்மி, ரெண்டுக்கும் நான்தான் போகணும்.

5 வாரமாக வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கம் வலி. முதலில் ஓடி நின்றால் அடங்கிவிடும். இப்போது ராத்திரி படுத்தாலும் விண்விண் என்கிறது. அழுத்தினால் ஐந்து ரூபாய்க் காசு அளவு ஒரே இடத்தில் சுள்ளென்று ஏறுகிறது. ஐஸ் வைத்தேன், ஷூ மாற்றினேன், 10 நாள் ஓய்வெடுத்தேன். ரைடு போக முதல் எட்டு வைத்ததுமே திரும்பிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மயிரிழை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாமாம், அதுதான் பயம். ரெண்டு ஆட்டத்தில் எதையும் விட மனசு வரவில்லை.

சேலத்தில் விளையாட்டுக் காயம் பார்த்துப் பழகிய எலும்பு மருத்துவர் யாரிடம் காட்டலாம்?