கறுப்பின ஆணுக்கு ‘ஆண்’ என்பதால் அனுகூலம் உண்டா?

செந்தூல் வாசகன்

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், சென்ற ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. கீழே உள்ள உணவகத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்கும் வரை அது ஓயவில்லை. கறுப்பின ஆணுக்கு ஆண் என்பதால் வரும் அனுகூலம் எதுவுமே இல்லை, அவன் ஆணாக இருப்பதே அவன் உயிருக்கு ஆபத்து என்று இளைஞர் ஒருவர் வாதிட்டார். தாதியாகப் பணியாற்றும் அக்கா ஒருவர், “வெளியே அடிபட்டு வந்தவன் வீட்டுக்குள் யாராக இருக்கிறான்?” என்று மட்டும் கேட்டார். இருவருக்கும் கை தட்டினார்கள்; ஒருவருக்கும் பதில் கிடைக்கவில்லை.

கறுப்பினப் பெண்ணோடு ஒப்பிட்டால் கறுப்பின ஆண் அனுகூலம் பெற்றவன் என்று சொல்வது சரியா? இதற்குச் ‘சலுகை’, ‘சிறப்புரிமை’ ஆகிய சொற்களில் எது பொருந்தும் என்பதிலும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

ஜெலுத்தோங் வழக்குரைஞர்

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ‘சலுகை’ என்றால் யாரோ மனமிரங்கிக் கொடுத்தது என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும்; ‘சிறப்புரிமை’ என்றால் நம் மலேசியாவில் பேச்சு, மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பற்றிய அரசியலமைப்பின் 153ஆவது விதிக்குப் போய்விடும், பிறகு திரும்பி வராது. ‘அனுகூலம்’ என்று தாங்கள் தலைப்பில் எழுதியதே நல்ல சொல். காற்று அனுகூலமாக வீசுகிறது என்கிறோம். படகில் இருப்பவன் அதைக் கேட்டு வாங்குவதில்லை, பெரும்பாலும் கவனிப்பதும் இல்லை.

இனி, வழக்கு ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில், மிசூரி மாநிலத்தில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. 1964க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும், பணி மூப்பின்படி நடந்த ஆட்குறைப்பில் வேலையை இழந்தார்கள். கடைசியாக வந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது எவருடைய பெயரையும் சொல்லாத, பார்வைக்கு நேர்மையான விதிதான். நீதிமன்றமோ, நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பால் பாகுபாடு இல்லை என்றது. அப்படி வேலைக்கு எடுக்கப்பட்ட பெண்களோ வெள்ளையினத்தவர், அலுவலக மேசையில் இருந்தவர்கள். இனப் பாகுபாட்டைப் பற்றிய முறையீட்டை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் ‘கறுப்பினப் பெண்’ என்று ஒரு தனிப் பிரிவை உண்டாக்க மறுத்துவிட்டது.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் இவ்வழக்கை எடுத்துக்கொண்டு, நாற்சந்தியில் நிற்பவர் மீது எந்தத் திசையிலிருந்தும் வண்டி மோதலாம், சில சமயம் எல்லாத் திசைகளிலிருந்தும் மோதலாம் என்று விளக்கினார். இதைப் பலர் கூட்டல் கணக்காகப் புரிந்துகொண்டு, யாருக்கு எத்தனை சுமை என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். ஆலைத் தளத்தில் இருந்த கறுப்பின ஆணைப் பாருங்கள். அவனுக்குக் கிடைத்தது சொகுசான வேலை அன்று. ஆனாலும் அவனுக்கு முன்பே கதவு திறந்திருந்ததால் பணி மூப்பு இருந்தது. ஆட்குறைப்பு வந்த நாளில் அந்த மூப்புதான் அவனைக் காத்தது. வெள்ளையனுக்கு முன்னால் இல்லாத அனுகூலம், கறுப்பினப் பெண்ணுக்கு முன்னால் அவனுக்கு இருந்தது. ஆகவே ‘யாரோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில்’ என்பதைச் சேர்க்காமல் தங்கள் கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

கெப்போங்கிலிருந்து

அன்று வாதிட்ட இளைஞன் நான்தான். ஆலையை விட்டு வீதிக்கு வாருங்கள். 1931இல் அலபாமாவில், இரண்டு வெள்ளையினப் பெண்கள் சொன்ன பொய்யான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டின் பேரில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் எட்டுப் பேருக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன், கடையில் இருந்த ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்ற பேச்சை வைத்துக் கொல்லப்பட்டான். வெள்ளையின ஆண்கள் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, கொலையாளிகள் இருவரையும் விடுவித்தது. இவர்கள் ஆண்களாக இருந்ததே இவர்கள்மேல் அந்தப் பழி விழக் காரணம்.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் வருமானம் சமமாக இருந்தாலும் கறுப்பினச் சிறுவர்கள் வளர்ந்தபின் வெள்ளையினச் சிறுவர்களைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள் என்றும், கறுப்பினப் பெண்களுக்கும் வெள்ளையினப் பெண்களுக்கும் அப்படிப்பட்ட இடைவெளி இல்லை என்றும் காட்டியது.

ஜாலான் குச்சிங்கில் ஓர் இரவு, நானும் என் தங்கையும் ஒரே காரில் வந்தோம், ஓட்டியது அவள். சாலைத் தடுப்பில் நின்ற அதிகாரி கைவிளக்கை அவள் முகத்தில் ஒரு கணம் காட்டிவிட்டு, என் பக்கம் வந்து என் அடையாள அட்டையைக் கேட்டார், பிறகு என் பையைத் திறக்கச் சொன்னார். ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கையில் வைத்திருந்த தங்கையிடம் அவர் எதையும் கேட்கவில்லை. எங்களில் அனுகூலம் யாருக்கு?

நிபோங் திபால் மகள்

தம்பி, அந்தக் கைவிளக்கின் வெளிச்சத்தில் அனுகூலம் தங்கைக்குத்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் செட்டியின் ஆய்வை இன்னொரு முறை பாருங்கள். கறுப்பினப் பெண்ணை அது நிறுத்திப் பார்ப்பது வெள்ளையினப் பெண்ணின் பக்கத்தில். அந்த வெள்ளையினப் பெண்ணே வெள்ளையின ஆண்களைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவள். குறைந்த கூலியில் இருவரும் சமம் என்பதை அனுகூலம் என்று எப்படிச் சொல்வது?

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த நாட்கூலி, வசதியான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தோட்ட நிர்வாகியான துரைக்கு முன்னால் இருவருமே கூலிகள்தாம்; ஆனால் அந்த 10 காசு இருவருக்கும் நடுவே இருந்தது. என் காலத்தில், அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், அப்பாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் சீவி, பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்து, பால் வாளிகளைத் தூக்கி வந்து கணக்கரான கிராணியிடம் நிறுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டுவார். அதே வேலையை முடித்த அப்பா வாசலில் சாய்ந்திருப்பார். அப்பாவைத் துரை மதித்ததே இல்லை. அப்பாவின் தட்டில் சோறு ஆறியதும் இல்லை. அடிமை முறையையும் தோட்டக் கூலி முறையையும் ஒன்றாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை, இரண்டும் வேறு. தாதி அக்கா கேட்ட கேள்வி எனக்கு எங்கிருந்து புரிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

1963இல் கறுப்பினத்தவரின் உரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பேரணியில், முதன்மைப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை. கறுப்பினப் பெண்களின் பெரிய அமைப்புக்குத் தலைவியாக இருந்த டோரதி ஹைட் மேடையில் அமர்ந்திருந்தார், பேசவில்லை. என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1991. உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் தம்மிடம் பாலியல் தொல்லை தரும் வகையில் நடந்துகொண்டதாக, முன்பு அவரிடம் பணியாற்றிய சட்டப் பேராசிரியர் அனிதா ஹில் சாட்சியம் அளித்தார். இருவரும் கறுப்பினத்தவர், கேட்டுக்கொண்டிருந்த 14 செனட்டர்களும் வெள்ளையின ஆண்கள். தாமஸ் குற்றச்சாட்டை மறுத்து, தமக்கு நடப்பது கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்ட கும்பல் கொலையின் நவீன வடிவம் என்றார். நீங்கள் சொன்ன எம்மெட் டில்லின் நினைவு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் வந்து நின்றது. 52க்கு 48 என்ற கணக்கில் அவர் பதவி பெற்றார். ஹில்லுக்கு அப்படி எடுத்துக்கொள்ள ஒரு சொல் இல்லை. கறுப்பினத்தவரின் துயரம் என்றால் ஆணின் துயரம் என்று ஆகிவிட்ட இடத்தில், அந்தத் துயரமே தாமஸுக்குக் கேடயமானது. ஆண் என்ற அனுகூலம் என்று நான் சொல்வது இதைத்தான், தம்பி.

இன்னொன்று, பிரசவ அறை. 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 69.9 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மாரில் அது 26.6. அந்தக் கதவுக்கு முன்னால் தம்பியின் அடையாள அட்டையை யாரும் கேட்கப் போவதில்லை.

கெப்போங்கிலிருந்து

தாமஸைப் பற்றிய இடத்தில் என்னிடம் பதில் இல்லை, அக்கா. ஆய்வைப் பற்றி உண்டு: சிறை செல்லும் விகிதத்திலும் கறுப்பின ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரிய இடைவெளி இருப்பதை அதே ஆய்வு காட்டுகிறது. சிறையில் இருப்பவனுக்கு வீட்டுச் சோறு சூடாக இருந்து என்ன பயன்? நேரில் பேசுவோம்.

செந்தூல் வாசகன்

நன்றி. இதைப் படித்தபின் எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தம் கதை ஒன்றைச் சொன்னார். செத்தாப்பாக்கில் அவருக்கு ஓர் அடுக்ககவீடு உண்டு. நைஜீரிய மாணவர் ஒருவர் வாடகைக்குக் கேட்டபோது, போதைப்பொருள், மோசடி என்று ஏதாவது வந்துவிடும் எனப் பயந்து மறுத்திருக்கிறார். அதே ஊர் மாணவி ஒருவர் கேட்டபோது கொடுக்கச் சம்மதித்து, இரவில் உன்னைப் பார்க்க யார் யார் வருவார்கள் என்று விசாரித்திருக்கிறார். அந்தப் பெண் எழுந்து போய்விட்டாராம். இளமையில் ‘இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை’ என்ற பலகையைப் பார்த்துத் திரும்பியவர் இவர் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

அவரும் அடுத்த கூட்டத்துக்கு வருகிறார். அந்த 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கத்தை ஜெலுத்தோங் நண்பர் அனுப்பி உதவினால், படியெடுத்து வைக்கிறேன். பன்னிரண்டு பேர் இருப்போம்.