காவிரிக் கரையில் ஓர் இரவு: நெருப்பு மூட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்கணும்?

தோப்புவாசி:
மாசிக் கடைசியில் அம்மாபேட்டைப் பக்கம், காவிரியை ஒட்டிய தென்னந்தோப்பில் எட்டுப் பேர் ஓர் இரவு தங்குகிறோம். இரண்டு சிறுவர்களும் உண்டு. தோப்பு தெரிந்தவருடையது. ஆற்றுக்குள் தெரியும் மணல் திட்டில் இறங்கி, கூழாங்கற்களை வட்டமாக அடுக்கி, கரை ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கி கேம்ப் ஃபயர் போடலாம் என்று திட்டம். முடிந்ததும் மணலை அள்ளி மூடிவிடுவோம். இது சரிதானா? அனுமதி வாங்கணுமா? இங்கே தோதுப்படாவிட்டால் ஒகேனக்கல் பக்கம் போகலாமா?

பரிசல்துறை:
ஒகேனக்கல் யோசனையை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்துக் காவிரிக் கரை பெரும்பாலும் காப்புக்காடு. 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். வனத்துறை ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் இரவு தங்குவதோ தீ மூட்டுவதோ கூடாது. காப்புக்காட்டில் நெருப்பை எடுத்துச் செல்வதே 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மாசி, பங்குனியில் மூங்கிலும் நாணலும் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். கரை மணலில் முதலை குழி தோண்டி முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான். மேலே நெருப்புப் போட்டால் கீழே முட்டை வெந்துபோகும்.

தோப்பு பட்டா நிலம் என்றால் உரிமையாளர் சம்மதம் வேண்டும். ஆறும் அதன் மணலும் புறம்போக்கு, அவர் சம்மதம் அங்கே செல்லாது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 101, 112 இரண்டும் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

கதவணை:
மணல் திட்டு வேண்டவே வேண்டாம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். மின் உற்பத்திக்குத் தண்ணீரைக் கூட்டினாலோ ஒரு கதவை ஏற்றி இறக்கினாலோ, மழையே இல்லாமல் நீர் ஏறும். மாலையில் காய்ந்து கிடந்த திட்டு நள்ளிரவில் தீவாகி, பிறகு அதுவும் முழுகும். தூங்குகிறவர்களுக்குச் சத்தமே கேட்காது. கரையில் பாசிக்கோடும் சருகு ஒதுங்கிய கோடும் தெரியும். அதற்கு மேலே, மேட்டில் இடம் பாருங்கள்.

தோப்புக்குள்ளும் மரத்தடியில் வேண்டாம். தொங்கும் காய்ந்த மட்டை திரி மாதிரி பற்றிக்கொள்ளும். மருத மரத்தடியும் வேண்டாம், மேலோட்டமான வேர் வெந்தால் மரம் மெல்லப் பட்டுப்போகும். தலைக்கு மேல் வானம் தெரியும் இடமாகப் பார்த்து, சுற்றிலும் பத்தடிக்குச் சருகு, பன்னாடை எதுவும் இல்லாமல் பெருக்கிவிடுங்கள். கூடாரம் பதினைந்து அடி தள்ளி, காற்று வரும் பக்கத்தில். நைலான் துணியில் ஒரு பொறி விழுந்தால் ஓட்டைதான்.

அடுப்படி:
கூழாங்கல் வட்டம் ஆபத்து. ஆற்றுக்கல்லின் விரிசல்களில் நீர் தங்கியிருக்கும். சூட்டில் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளந்துவிடும். சில்லு முகத்துக்கு நேராகப் பறக்கும். செங்கல் ஆறு போதும்.

அதைவிட நல்லது, கொத்தனார்கள் கலவை சுமக்கும் இரும்புச் சட்டி. மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து அதற்குள்ளேயே நெருப்புப் போடுங்கள். தரை கருகாது, சாம்பலும் ஒரே இடத்தில் நிற்கும். நெருப்பு முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

விறகு கடையில் எடைக்கு வாங்குங்கள். மூன்று மணி நேரத்துக்குக் காய்ந்த சவுக்கோ சீமைக்கருவேலமோ பதினைந்து கிலோ தாராளம், மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் வேண்டாம். கரை ஒதுங்கிய கட்டை மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஊறியிருக்கும், புகைதான் மிஞ்சும். மூங்கிலைக் கணுவோடு போட்டால் வெடிக்கும். அரளிக் குச்சியைத் தொடவே தொடாதீர்கள், புகையிலும் நஞ்சு. அதில் கறி கோத்துச் சுட்டால் உயிருக்கே ஆபத்து. பற்றவைக்கக் காய்ந்த தென்னம்பாளையும் சுள்ளியும் போதும். பெட்ரோல் ஊற்றாதீர்கள், ஆவி முதலில் பற்றி கைவரை ஓடி வரும்.

தோப்புவாசி:
மிக்க நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம், மேட்டிலேயே போடுகிறோம். சட்டி பளபளவென்று புதிதாகக் கிடைக்கிறது, அது சரிவருமா? அணைக்கும்போது மணல் போட்டால் போதும்தானே?

அடுப்படி:
பளபளப்பது துத்தநாகப் பூச்சு. கடும் சூட்டில் வெண்புகை விடும், அதைச் சுவாசித்தால் காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வரும். கறுப்பு இரும்புச் சட்டி, பழையதே நல்லது.

கதவணை:
மணல் போட்டு அணைப்பதுதான் ஆற்றங்கரையில் நடக்கும் பெரிய தவறு. மணல் சுடரை மறைக்கும், கங்கை அணைக்காது. மூடிவைத்த தணல் போர்வைக்குள் கிடப்பது மாதிரி மறுநாள் காலைவரை கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல். குளிக்க வரும் பிள்ளைகள் வெறுங்காலோடு மிதித்தால் பாதம் வெந்துவிடும்.

படுக்க ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள், கட்டை சாம்பலாகட்டும். இரண்டு குடம் தண்ணீரை மூட்டும்போதே பக்கத்தில் வைத்திருங்கள். சட்டி சூடாக இருக்கையில் ஒரேயடியாகக் கொட்டினால் ஆவி கையைச் சுடும். காற்று முதுகில் படும்படி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். குச்சியால் அடிவரை கிளறி மறுபடி ஊற்றுங்கள். உஸ் சத்தம் நின்றதும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் ஒரு செம்பு. பிறகு ஆறிய சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கணும்.

சாம்பலை ஆற்றில் கொட்டாதீர்கள். அது காரத்தன்மை உள்ளது, தேங்கிய மடுவில் மீன்குஞ்சு தாங்காது. விறகுச் சாம்பல் மட்டும் என்றால் தோப்புக்காரரைக் கேட்டுத் தென்னைக்குத் தூவலாம். பிளாஸ்டிக், ஜிகினாத் தாள் எதையும் நெருப்பில் போட்டிருக்கக் கூடாது.

பரிசல்துறை:
ஒன்று விட்டுப்போச்சு. விடியற்காலை குளிர்கிறது என்று மிச்சக் கங்கைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூங்குகிறவர் எழவே மாட்டார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கம்பளி கூடுதலாக எடுத்துப் போங்கள்.