மறு: கடலடிப் படப்பிடிப்புக்கான ஸ்ட்ரோப் – தமிழில் என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கடலடியில் படம் எடுக்கும்போது கேமராவுக்கு வெளியே தனியாக நின்று, ஒரு நொடி மின்னி ஒளி தரும் விளக்கான ஸ்ட்ரோபுக்குத் தமிழ்ப்பெயர் தேடி இந்த இழையில் வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். என் வாக்கு 'புறமின்னி'க்கு. மற்றவற்றை ஏன் தள்ளுகிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

> மின்னல் வெட்டுவதுபோல் ஒளிர்வதால் 'மின்வெட்டொளி' எனலாம்.

மின்வெட்டு என்று காதில் விழுந்ததும் தமிழ்நாட்டில் மெழுகுவத்தியைத்தான் தேடுவார்கள். வெளிச்சம் தரும் கருவிக்கு இந்தப் பெயர் வேண்டாம்.

> ஸ்ட்ரோப் என்பது விட்டுவிட்டு ஒளிர்வது. எனவே 'துடிப்பொளி'தான் நேர்ச்சொல்.

பழைய கருவிக்கு அது பொருந்தும், இன்று கடலில் பிடிக்கும் கருவிக்கு அல்ல. கிரேக்க மூலத்தின் பொருள் சுழற்சி. சுழலும் மோட்டாரைக் கண்ணுக்கு நிற்பதுபோல் காட்ட, 1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியாளர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் பயன்படுத்திய மின்னொளிக்கு இந்தப் பெயர் பொருந்தியது. அவரே 1950களில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவுடன் சேர்ந்து கடலடிப் படப்பிடிப்புக்கு விளக்குகள் செய்தார். இன்று கடலில் நாம் பிடித்திருப்பது ஒரு படத்துக்கு ஒருமுறை மின்னி ஓய்வது. துடிப்பொளியை ஆம்புலன்ஸுக்கு விட்டுவிடலாம்.

> 'நீரடி ஃப்ளாஷ்' போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. கேமராவிலேயே ஒரு ஃப்ளாஷ் இருக்கிறது. கேமராவை நீர்புகா உறைக்குள் போட்டுக் கடலில் இறக்கினால் அந்த ஃப்ளாஷும் 'நீரடி ஃப்ளாஷ்' ஆகிவிடுகிறது. புதிதாக இறங்குபவர் நம்பிக்கையோடு அதைத்தான் தட்டிவிடுவார். லென்ஸை ஒட்டியிருக்கும் அந்த விளக்கு, லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே மிதக்கும் மண்துகள், மிதவையுயிர் எல்லாவற்றின் மீதும் நேராக அடித்து அப்படியே திரும்பி வருகிறது. மார்கழிப் பனியில் காரின் ஹைபீம் போட்ட கதைதான். புதுச்சேரிப் பக்கம் கடல் கலங்கியிருக்கும் நாளில் இப்படி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மீனின் கண்மீது ஒரு வெள்ளைப் பொட்டு, வாயருகே மூன்று, பின்னணி முழுக்க அரிசி நொய் இறைத்ததுபோல் இருக்கும். இதற்கு ஒரு நண்பர் தந்த 'பின்சிதறல்' சரியான சொல். இயற்பியலில் சிதறல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதில் கை வைக்க வேண்டாம்.

ஆக, இந்தக் கருவியின் சிறப்பு மின்னுவது மட்டுமன்று, கேமராவை விட்டு விலகி நிற்பது. உயிரியலாளர் லூயி பூத்தான் 1893இல் பிரான்சின் பன்யூல்ஸ் கடலில் மெக்னீசியத் தூளை எரித்து ஒளி கொடுத்தபோதே விளக்கு தனியாக ஒரு பீப்பாய்மீதுதான் இருந்தது. 1926இல் ஃபுளோரிடாவின் டிரை டோர்டுகாஸில் மீனியலாளர் லாங்லியும் படப்பிடிப்பாளர் மார்ட்டினும் நீருக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது மெக்னீசியம் மேலே மிதவையில் வெடித்தது, கேமரா கீழே இருந்தது. 'புற' என்னும் முன்னொட்டை நான் விடாமல் பிடிப்பது இதனால்தான். இயக்கி, கணினி வரிசையில் 'மின்னி' இயல்பாக உட்காருகிறது. கேமராவுக்குள் இருப்பது உள்மின்னி, கையில் நீட்டிப் பிடிப்பது புறமின்னி. மின்னி என்றால் கார்ட்டூன் எலி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும், நல்ல எலிதான்.

> பெயர் இருக்கட்டும் ஐயா. கையில் காசு குறைவு. எதைப் பார்த்து வாங்குவது?

நியாயமான கேள்வி. புதிய சொற்களை வைத்தே பதில் சொல்கிறேன். ஓடுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

முதலில் வீச்செண், அதாவது மின்னியின் ஒளிவலிமையைச் சொல்லும் 'கைடு நம்பர்'. (இதை 'வழிகாட்டி எண்' என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை, எதற்கு வழி காட்டுகிறது என்று சொல்வதே இல்லை.) வீச்செண்ணை லென்ஸ் துளையின் எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி எத்தனை மீட்டர் எட்டும் என்பது கிடைக்கும். ஐனான் எஸ்-2000 என்னும் சிறிய மின்னிக்கு வீச்செண் 20. எஃப்/8 வைத்தால் தரையில் இரண்டரை மீட்டர். ஆனால் நீர் ஒளியை விழுங்கிவிடும். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் எண்பது சென்டிமீட்டர் சொச்சம்தான். இதைக் கேட்டதும் வீச்செண் 33 உள்ள பெரிய மின்னியைத் தேடி ஓட வேண்டாம். தொடக்கத்தில் நீங்கள் எடுக்கப்போவது கடற்சாமந்திக்குள் ஒளியும் கோமாளிமீன், பாறையில் ஊரும் ஓடில்லா நத்தை ஆகியவை. அவற்றுக்கும் லென்ஸுக்கும் ஒரு சாண், இரண்டு சாண் இடைவெளிதான். அதற்குச் சிறிய மின்னி தாராளம். பெரியது தேவைப்படுவது அகலக் கோணத்தில் பவளப்பாறையை எடுக்கும்போது. அந்தச் செலவு பிறகு வரட்டும்.

டார்ச் போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். டார்ச் ஒளியில் கேமரா சேகரிப்பது, ஷட்டர் திறந்திருக்கும் நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடிக்கு உரிய பங்கை மட்டுமே. மின்னியோ தன் ஒளி முழுவதையும் ஆயிரத்தில் ஒரு நொடி அளவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடும் சிவப்பு மீண்டு வருவதும், மீனின் செதில் கலங்காமல் விழுவதும் அதனால்தான்.

அடுத்தது கவனமாகப் பார்க்க வேண்டியது: முன்மின்னல். பல சிறு கேமராக்கள் படத்துக்குச் சற்றுமுன் ஒளியளவை அறிய ஒருமுறை மின்னும். உங்கள் புறமின்னி அதற்கே ஏமாந்து தன் சரக்கைக் காலி செய்துவிட்டால் படம் இருட்டாகத்தான் வரும். முன்மின்னலை அறிந்து பொறுக்கும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். உள்மின்னியின் ஒளியைப் புறமின்னிக்குக் கொண்டுபோய் அதைத் தூண்டும் ஒளியிழையை உறையின் முகப்பில் செருக இடம் உண்டா என்றும் பாருங்கள். உள்மின்னியே இல்லாத கேமரா என்றால் தனியாக ஒரு எல்.இ.டி. தூண்டி வாங்க வேண்டியிருக்கும். மலிவு என்று நினைத்தது அங்கே மலிவாக இராது.

கைமுறை (மேனுவல்) வசதி கட்டாயம் இருக்கட்டும். சீ அண்ட் சீ ஒய்.எஸ்-03 போல முழுக்கத் தானியங்கியாக இருப்பது தொடக்கத்தில் வசதிதான். ஆனால் வெள்ளை மணல்மீது ஒரு கரிய மீனை எடுக்கும்போது, ஒளியை நாமே ஏற்றி இறக்க முடியவில்லையே என்று எரிச்சல் வரும்.

பழைய மின்னி கிடைத்தால் தயங்க வேண்டாம். பேட்டரி அறையைத் திறந்து தகட்டில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறியிருந்தால் உப்புநீர் உள்ளே போய் வந்த பொருள். நான்கு பென்சில் செல் போடும் மாடல் நல்லது, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை போட்டால் அடுத்த மின்னலுக்குத் தயாராகும் மீள்நிரம்பு நேரமும் குறையும். மூடும்போது, நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மீது ஒரு தலைமுடி கிடந்தாலும் போதும், கருவி முடிந்தது. (ஓ-ரிங்குக்குச் சொல் தேட வேண்டாம். பட்டறையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.)

பின்சிதறலைக் குறைக்க, மின்னியைத் தாங்கும் கையைப் பக்கவாட்டில் நன்றாக நீட்டுங்கள். அதன் முகம் லென்ஸ் கண்ணாடியைவிடச் சற்றுப் பின்தள்ளி, கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் மீனைத் தொட்டால் இடையிலுள்ள துகள்கள் இருளிலேயே இருந்துவிடும்.

மீதமிருப்பது, ஒளியைப் பரவலாக்க மின்னியின் முகத்தில் மாட்டும் வெள்ளைத் தகடு. டிஃப்யூசர் எனப்படும் இதற்கு 'ஒளிபரப்பி' என்று முன்மொழிந்திருக்கிறார்கள். அது தொலைக்காட்சிக்காரர்களின் சொத்து. 'விரவி', 'ஒளிவிரிப்பி' இரண்டும் என் மனத்தில் இருக்கின்றன. முன்னதற்கு நீளம் குறைவு, பின்னதற்குத் தெளிவு அதிகம். எனக்கு விரவி பிடித்திருக்கிறது. மாற்று இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் புறமின்னியோடு சேர்த்துச் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்