புதுப்பிப்பு: ஆக்சிஜனேற்றி முடிவாகிவிட்டது

எங்கள் கல்லூரிக் குழுவின் சிறிய ஹைப்ரிட் ராக்கெட் எஞ்சினில் (எரிபொருள் திடமாகவும் ஆக்சிஜனேற்றி தனித் தொட்டியிலும் இருக்கும் வகை) எரிபொருள் எரிய ஆக்சிஜன் தரும் ஆக்சிஜனேற்றியாக எதைப் போடுவது, திரவ ஆக்சிஜனா, நைட்ரஸ் ஆக்சைடா, ஹைட்ரஜன் பெராக்சைடா என்று முன்பு கேட்டிருந்தேன். நைட்ரஸ் என்று முடிவு செய்துவிட்டோம்.

திரவ ஆக்சிஜனின் திறன் அதிகம்தான். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் சிஇ-20 கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவத்தைக் கையாளும் வசதி எங்களிடம் இல்லை. அடர் பெராக்சைடு கொஞ்சம் அழுக்கு பட்டாலே சிதையத் தொடங்கும். வேண்டாம் என்று விட்டோம்.

நைட்ரஸில் யோசிக்க வைத்தது நம்ம ஊர் வெயில். 20 டிகிரியில் அதன் ஆவியழுத்தமே (தன் ஆவியே தொட்டிக்குள் தரும் அழுத்தம்) சுமார் 50 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 50 மடங்கு. தொட்டியிலிருந்து தள்ள வேறு வாயு தேவையில்லை. 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற வேறுபாடே போய்விடும். பாளையங்கோட்டையில் சித்திரை மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அழுத்தம் எகிறும், அடர்த்தி குறையும், போட்ட கணக்கெல்லாம் மாறும். அதனால் விடியற்காலையில் மட்டும்தான் நிரப்புவோம். சிலிண்டர் நிழலில், ஈரச் சாக்கு போர்த்தியபடி இருக்கும்.

வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர், "நைட்ரஸ் பாதுகாப்பானதுதானே?" என்று கேட்டிருந்தார். அப்படிச் சொல்லிவிட முடியாது அண்ணாச்சி. 2007-இல் அமெரிக்காவின் மொஹாவியில், எரியூட்டாமல் நடத்திய நைட்ரஸ் ஓட்டச் சோதனையிலேயே வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது. நிரப்பும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. வால்வைத் தூரத்திலிருந்துதான் இயக்க வேண்டும்.

அப்புறம், ஸ்கிராம்ஜெட் என்ற அதிவேக ஜெட் எஞ்சின் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது காற்றிலுள்ள ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளும், ஆனால் நின்ற இடத்திலிருந்து தானாகக் கிளம்பாது. 2016 ஆகஸ்ட் 28 அன்று இஸ்ரோவும் அதை ராக்கெட்டில் ஏற்றித்தான் சோதித்தது.