மாத்திரை போகிறது, வைரல் லோட் குறையவில்லை: ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில் பார்த்தவை

மருந்தாளுநர், ஏஆர்டி மையம்
எச்ஐவிக்கு மருந்து போட்டும் வைரல் லோட் (ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள வைரஸ் எண்ணிக்கை) 1,000-ஐத் தாண்டி வந்த குழந்தைக்கு முதலில் எடை பாருங்கள். கவுன்ட்டரில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்: போன வருஷம் எழுதிய அளவையே மாதாமாதம் கட்டிக் கொடுத்திருப்பார்கள், பிள்ளை வளர்ந்துவிட்டிருக்கும். டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தின் 10 மி.கி. கரையும் மாத்திரை 6 கிலோவிலிருந்து ஒன்றரை, 10 கிலோ தொட்டால் இரண்டு, 14 தொட்டால் இரண்டரை. கூடவே போகும் அபாகாவிர்-லாமிவுடின் கூட்டு மாத்திரைக்கும் (120/60 மி.கி.) இதே எண்ணிக்கைதான். ஒன்றரையிலேயே 14 கிலோ வரை இழுத்தால் தேவையில் 60 சதவீதம்தான் உள்ளே போகிறது.

20 கிலோவுக்கு மேல் 50 மி.கி. சாதா மாத்திரை ஒன்று. அது கையிருப்பில் இல்லாமல் கரையும் மாத்திரை கொடுக்க நேர்ந்தால் மூன்று கொடுக்க வேண்டும், ஐந்து அல்ல. கரையும் வகை ரத்தத்தில் கூடுதலாக ஏறும். அதனால் 30 மி.கி.யே 50-க்கு ஈடு.

செவிலியர், குழந்தைகள் வார்டு
அளவு சரியாக இருந்தும் பாதி மருந்து டம்ளர் அடியிலேயே தங்கிவிடும் சார். இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரத்துக்குள் கொடுத்து, அதே டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வைக்க வேண்டும். இந்த அலசலைத்தான் வீட்டில் விட்டுவிடுகிறார்கள். கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி முழு அளவு.

லோபினாவிர்-ரிட்டோனாவிர் என்ற இன்னொரு எச்ஐவி மருந்தின் கதை வேறு. சிரப் கடும் கசப்பு, 42 சதவீதம் ஆல்கஹால், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு அதை எழுதிக் கொடுத்து என்ன பயன்? மாத்திரையாகக் கொடுத்தால் விழுங்கத் தெரியாத பிள்ளைக்குப் பொடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பொடித்தால் ரத்தத்தில் ஏறும் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆலோசகர்
பத்து வயதுக்கு மேல் கணக்கே மாறிவிடும். அந்த வயதில் சிகிச்சைத் தோல்வி பெரும்பாலும் மாத்திரை வாயை எட்டாததுதான். அதை மாத்திரை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மையத்துக்கு வருவதற்கு முதல் நாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகாமல் வந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

"மறக்காமல் போடுறியா?" என்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எந்த நாள் போடக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டில் இருந்தேன், ஹாஸ்டலில் விளக்கை அணைத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் வெளியே வரும். டோலுடெக்ராவிரை எந்த நேரமும் போடலாம், சாப்பாட்டோடும் வெறும் வயிற்றிலும் போடலாம். ராத்திரி கட்டாயம் என்பது எஃபாவிரென்ஸ் என்ற பழைய எச்ஐவி மருந்தின் காலத்துப் பழக்கம். விடுதிப் பிள்ளைக்குக் காலைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். டப்பா குலுங்கிச் சத்தம் வருகிறது என்று பயந்தால் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் இல்லாமல் பாட்டி வளர்க்கும் பிள்ளைகளிடம் "சத்து மாத்திரை" என்றே பல வருஷம் ஓட்டிவிடுகிறார்கள். காய்ச்சலும் இல்லை, இளைக்கவும் இல்லை, பிறகு எதற்கு மாத்திரை என்று 14 வயதில் அவன் நிறுத்துவதில் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. 6 வயதிலிருந்தே வயசுக்கேற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கி, 12-க்குள் நோயின் பெயர் வரை வந்துவிட வேண்டும். பாட்டியைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் சொன்னால் அடுத்த மாதம் இருவரும் வரமாட்டார்கள்.

குழந்தை மருத்துவர்
ஆலோசகர் மேடம் சொன்னதோடு சேர்த்து: முதல் ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன் மருந்தை மாற்றக் கூடாது. மூன்று மாதம் தீவிர ஆலோசனை கொடுத்து மறுபடி வைரல் லோட் பார்க்க வேண்டும். அப்போதும் 1,000-க்கு மேல் என்றால்தான் எதிர்ப்புத்திறன் சோதனை, அதாவது வைரஸ் மருந்துக்கு அடங்காதபடி மாறிவிட்டதா என்று பார்ப்பது. அதற்கான ரத்தத்தை மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் நிறுத்தியபின் எடுத்தால் மாறிய வைரஸ் பின்னுக்குப் போய், பழைய வைரஸ்தான் தெரியும். ரிப்போர்ட் சுத்தமாக வந்து நம்மை ஏமாற்றும்.

உண்மையான எதிர்ப்புத்திறனும் உண்டு. தொற்றைத் தடுக்கத் தாய்க்கோ சேய்க்கோ நெவிராபின் என்ற மருந்து கொடுத்தும் தொற்று ஏற்பட்ட குழந்தைகளில் கே103என் என்ற வைரஸ் மரபணு மாற்றம் ஆரம்பத்திலேயே இருக்கலாம். நெவிராபினையும் எஃபாவிரென்ஸையும் செயலிழக்கச் செய்ய அந்த ஒரு மாற்றமே போதும். டோலுடெக்ராவிர் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆகவே அதில் இருக்கும் பிள்ளைக்கு எண் ஏறினால், என் கணிப்பில், முதலில் அளவையும் வீட்டையும் பார்க்க வேண்டும்.

கூடவே வேறு என்ன மருந்து போகிறது என்று கேளுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடினால் டோலுடெக்ராவிர் அதே அளவில் நாளைக்கு இரண்டு வேளை. ரிஃபாம்பிசின் நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் அப்படியே. வலிப்புக்குக் கார்பமசெபினோ ஃபெனிட்டாயினோ போகிறதென்றாலும் டோலுடெக்ராவிர் அளவு இறங்கும். அந்த மருந்தை எழுதியவரிடம் பேசாமல் நாமாக நிறுத்தவும் கூடாது.

மருந்தாளுநர், ஏஆர்டி மையம்
இரும்புச் சத்தை விட்டுவிட்டீர்கள் டாக்டர். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல இரும்புச் சத்து மாத்திரையால் மட்டும் யாருக்கும் வைரஸ் ஏறாது. தினமும் குடிக்கும் அயர்ன் டானிக், கால்சியம் மாத்திரைதான் விஷயம். இவை டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்துப் போடலாம். வெறும் வயிறு என்றால் டோலுடெக்ராவிர் இரண்டு மணி நேரம் முன்பு, அல்லது ஆறு மணி நேரம் கழித்து. ஆன்டாசிட் சிரப்புக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும்.